சாலை வருவது வேறு, வழி கிடைப்பது வேறு

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியாகிறது.)

 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது தீர்மானம் ஒரே வரியில் இருக்கிறது: "உத்தங்குடி சந்திப்பில் மேம்பாலம் அமைக்க அரசைக் கேட்டுக்கொள்வது." கையெழுத்துப் போடுவது சுலபம். மேம்பாலம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு மனுவை அனுப்பினால் நமக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காமல் போவது என்ன என்று யோசித்துவிட்டு, இன்னும் சில வரிகள் சேர்த்து அனுப்புவோம் என்று கேட்கவே வந்திருக்கிறேன். சாலைப் பணியில் சில காலம் இருந்தவன் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

வாசல் நகரும் ஊர்

மதுரை தன் வாசலை இடம் மாற்றிக்கொண்டே வந்த ஊர். கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த காலத்தில் கோட்டை வாசல்தான் ஊரின் வாசல். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். வெளி வீதிகள் உருவாயின. அவர் நினைவாக வைத்ததுதான் இன்றும் விளக்குத்தூணில் நிற்கும் தூண். பிறகு 1889இல் வைகையின் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம், நம் வாயில் ஏ.வி. பாலம், வந்தது. அதுவரை ஆற்றில் தண்ணீர் வந்தால் தனித்து நின்ற வடகரை அதன்பின் ஊரோடு சேர்ந்தது. கோரிப்பாளையமும் தல்லாகுளமும் வளர்ந்தன.

நம் காலத்தில் அதே வேலையைச் செய்தது மாட்டுத்தாவணி. 1990களின் இறுதியில் வெளியூர்ப் பேருந்துகளுக்கு ஒருங்கிணைந்த நிலையம் இங்கே வந்தது. பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட் என்று ஒவ்வொன்றாகப் பின்னாலேயே வந்தன. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தது. இலந்தைக்குளத்தில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. 2011இல் மாநகராட்சியின் 72 வார்டுகள் 100 ஆயின. பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148ஆக, ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகியது. உத்தங்குடி, கண்ணனேந்தல், திருப்பாலை, வண்டியூர் எல்லாம் அன்று ஊராட்சிகள். இன்று மாநகராட்சி வார்டுகள்.

ஆக, நாம் இருக்கும் இடம் புறநகராக இருந்து மதுரையின் இரண்டாவது மையமாக மாறிக்கொண்டிருக்கிறது. இந்த மையத்துக்கு ரயில் இல்லை. திருமங்கலத்தில் இருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் திட்டம் தயாரானது. மக்கள்தொகை விதியைக் காட்டி மத்திய அரசு 2025 நவம்பரில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. அது என்று திரும்ப எழுந்தாலும், அதுவரை நமக்கு இருப்பது சாலை மட்டும்தான். அதனால்தான் இந்தத் தீர்மானம் முக்கியம்.

ஒரே சாலை, இரண்டு வேலை

மேலூர் சாலையும் ரிங் ரோடும் சேரும் இடத்தில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். இரண்டு வகை வண்டிகள் தெரியும். ஒன்று, திருச்சியில் இருந்து தூத்துக்குடிக்குப் போகும் கனரக வண்டி. அதற்கு மதுரையில் எந்த வேலையும் இல்லை. சீக்கிரம் தாண்டிப் போனால் போதும். இரண்டாவது வகை நாம். பள்ளிக்கூட வேன், டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, மல்லிகைப்பூ மூட்டையோடு போகும் டூவீலர், பாண்டி கோயிலுக்குக் கிடாயும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு வரும் மினி வேன். நமக்குத் தாண்டிப் போகத் தேவையில்லை. இங்கே இறங்க வேண்டும், திரும்ப வேண்டும், குறுக்கே கடக்க வேண்டும். நேராகப் போவதும் குறுக்கே போவதும் ஆகிய இந்த இரண்டு வேலையையும் ஒரே தார் மேல் வைத்ததுதான் நம் சிக்கலின் வேர்.

ரிங் ரோட்டின் கதையைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் விளங்கும். உத்தங்குடியில் இருந்து கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையைக் கடன் வாங்கிப் போட்டது மதுரை மாநகராட்சிதான். சுங்கம் வசூலித்துக் கடனை அடைப்பது திட்டம். அந்தக் கடனை மாற்றியமைக்க 2001இல் மாநகராட்சி 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரமே வெளியிட்டது. இந்திய நகராட்சி நிதி பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் சொல்லும் உதாரணம் அது. அப்போது அந்தச் சாலை வயலுக்கும் கண்மாய்க்கும் நடுவே போனது. வெளியூர் வண்டி ஊருக்குள் வராமல் போகவே அது போடப்பட்டது.

இருபது ஆண்டுகளில் என்ன ஆனது? சாலையின் இரு பக்கமும் மனை போட்டார்கள். மனை போட்ட ஒவ்வொருவரும் நேராகச் சாலையில் வாசல் வைத்தார்கள். திருமண மண்டபம், லாரி பட்டறை, ஓட்டல், பெட்ரோல் பங்க் என்று வரிசையாக வந்தன. ஊரைச் சுற்றிப் போகவேண்டிய சாலை ஊரின் ஒரு வீதியாகிவிட்டது. பிறகு அதை நான்குவழி ஆக்கினார்கள். இப்போது அதற்கும் வெளியே, வடக்கில், வாடிப்பட்டியில் இருந்து அலங்காநல்லூர் பக்கமாகத் தாமரைப்பட்டிக்கு இன்னொரு நான்குவழிச் சாலை. அதன் ஓரத்திலும் மனை விளம்பரப் பலகை நடுவார்கள் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

யாருக்கும் தீய எண்ணம் இருந்து இப்படி ஆகவில்லை. வாசல் எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதைச் சாலை போடும்போதே முடிவு செய்யாததால் ஆனது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி நெடுஞ்சாலையில் நேரடியாக வாசல் வைக்க யாருக்கும் தானாக உரிமை கிடையாது. அனுமதி பெற வேண்டும். சட்டம் இருக்கிறது. ஆனால் அனுமதி மறுத்தால் அந்த மனைக்காரர் எந்த வழியாக வந்து போவார் என்பதற்குப் பதிலாக ஒரு சர்வீஸ் ரோடு இருந்தால்தான் சட்டம் நடைமுறைக்கு வரும்.

இதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு சாலை கூடும் இடத்தில் சிக்னல் வைத்தால், ஒரு சுற்று இரண்டு நிமிடம் என்றால், உங்கள் பக்கத்துக்குப் பச்சை விழுவது சுமார் அரை நிமிடம். அதாவது நான்குவழிச் சாலை போட்டாலும் சந்திப்பில் அதன் கால்பங்குதான் நமக்குப் பயன்படும். ஆறுவழி ஆக்கினாலும் இதே பங்குதான். "ரோட்டை அகலப்படுத்தினால் சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நெரிசலைத் தீர்மானிப்பது நடுச்சாலையின் அகலம் அல்ல, சந்திப்பு வேலை செய்யும் விதம்.

நத்தம் சாலையும் கிளாம்பாக்கமும்

அப்படியானால் மேம்பாலம்தானே தீர்வு என்று கேட்பீர்கள். பாதித் தீர்வு. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 785, அதாவது நத்தம் சாலையில், தல்லாகுளத்தில் இருந்து ஊமச்சிகுளம் தாண்டிச் செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை கட்டி 2023 ஏப்ரலில் திறந்தார்கள். நத்தம் பக்கம் போகிறவர்களுக்கு அது பெரிய வரம். மேலே ஏறினால் சில நிமிடங்களில் ஊரைத் தாண்டிவிடலாம். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பாலத்துக்குக் கீழே குடியிருக்கிறவர்கள். ஐயர் பங்களாவிலோ நாராயணபுரத்திலோ இருப்பவருக்குப் பயணம் இன்னும் கீழேதான். அவர் பஸ் ஏறுவதும், கடைக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் தூண்களுக்கு நடுவில். இரண்டாவது, பாலம் இறங்கும் இடம். மேலே விரைவாக வந்த வண்டிகள் எல்லாம் தல்லாகுளத்தில் இறங்கிக் கோரிப்பாளையத்தின் வாயில் போய் நின்றன. கோரிப்பாளையத்துக்கு என்று தனியாக ஒரு மேம்பாலமும் தேவைப்பட்டது. நெரிசல் தீரவில்லை, இடம் மாறியது. ஒரு சந்திப்பை மட்டும் தனியாக எடுத்து வைத்தியம் பார்த்தால் வலி அடுத்த சந்திப்புக்குப் போகும். உத்தங்குடியில் மேம்பாலம் வந்தால் அந்த வண்டிகள் மாட்டுத்தாவணி பேருந்து நிலைய வாசலில் எப்படி வந்து சேரும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொரு உதாரணம் சென்னை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே போகும் ரயில் பாதையில் நிலையம் தயாராகவில்லை, ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க நடைமேம்பாலம் தயாராகவில்லை. தென்மாவட்டத்தில் இருந்து விடியற்காலையில் பையோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்கியவர்கள், அங்கிருந்து சென்னைக்குள் போவதற்கு ஊரில் இருந்து வந்ததை விட அதிகமாகச் சிரமப்பட்டார்கள். நம்மில் பலர் அதை அனுபவித்தவர்கள். மையத்தை முதலில் கட்டி, வழியைப் பிறகு யோசித்தால் நடப்பது இதுதான்.

தென்கொரியாவின் சியோல் நகரம் இதன் மறுபக்கம். ஓடை ஒன்றை மூடி அதன் மேல் கட்டிய உயர்மட்டச் சாலையை, 2003இல் அவர்களே இடிக்கத் தொடங்கினார்கள். 2005இல் ஓடையைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். சாலை போனதோடு பேருந்து வசதியைச் சீரமைத்தார்கள். பாலத்தை இடிக்கச் சொல்லி நான் இதைச் சொல்லவில்லை. கட்டியபின் இடிப்பதை விட, காகிதத்தில் இருக்கும்போதே திருத்துவது எவ்வளவோ மலிவு.

பாலத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை

முதலாவது, பாலத்தின் ஏறுதளம் தூணின் மேல் நிற்க வேண்டும். மேம்பாலம் என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது தூண் நிற்கும் நடுப்பகுதி. கவனிக்க வேண்டியது இரு முனையிலும் உள்ள ஏறுதளம். கீழே லாரி போக ஐந்தரை மீட்டர் இடைவெளி வேண்டும். உத்தரமும் தளமும் சேர்ந்தால் மேல்மட்டம் ஏழரை மீட்டர் ஆகிவிடும். முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று சரிவு வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 225 மீட்டர் நீளத்துக்கு ஏறுதளம். அதை மண் நிரப்பி இருபுறமும் சுவர் வைத்துக் கட்டினால், அந்த 225 மீட்டருக்கும் இந்தப் பக்கத்துக்காரர் அந்தப் பக்கம் போக முடியாது. எதிர்க்கடைக்கும் நமக்கும் நடுவில் கோட்டைச் சுவர். பிளாக்பர்ன் இடித்ததை நாம் திரும்பக் கட்டிக்கொண்டது போல. அதனால் ஏறுதளத்தின் உயரமான பகுதியையாவது தூண் மேல் கட்டி, கீழே கடக்க வழி விட வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். வரைபடம் தயாராகும்போது கேட்டால் நடக்கும். சுவர் எழும்பியபின் கேட்டால் நடக்காது.

இரண்டாவது, விட்டுப்போகாத சர்வீஸ் ரோடு. இரு பக்கமும், மாட்டுத்தாவணியில் இருந்து ஒத்தக்கடை வரை இடைவெளி இல்லாமல். இங்கே சிறிது, அங்கே சிறிது என்று துண்டு துண்டாக இருந்தால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? துண்டு முடிகிற இடத்தில் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் ஏறுவார்கள். ராங் சைடில் வருகிறவரைத் திட்டுகிறோம். திட்டுவது நியாயம்தான். ஆனால் வலப்பக்கம் இருக்கும் வீட்டுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் தள்ளி யூ-டர்ன் எடுத்து வா என்றால், பால் வாங்கப் போகிறவர் அப்படிச் சுற்றுவாரா? நாம் எத்தனை பேர் சுற்றுகிறோம் என்று மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நடந்து கடக்க வழி. இரண்டு லேன் அகலம் ஏழு மீட்டர். வயதானவர் ஒருவர் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால், சென்டர் மீடியன் வரை போகவே ஏழு நொடி. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஏழு நொடியில் 155 மீட்டர் வந்துவிடும். அதாவது 155 மீட்டருக்கு அப்பால் புள்ளியாகத் தெரிகிற காரைப் பார்த்து, "இது வருவதற்குள் போய்விடலாமா" என்று அவர் கணக்குப் போட வேண்டும். இருட்டில், மழையில், கையில் பேரப்பிள்ளையோடு. மீடியனில் நின்று மறுபடியும் அதே கணக்கு. படி ஏறி இறங்கும் நடைமேம்பாலம் இதற்கு விடை ஆகாது. முழங்கால் வலி உள்ளவர் யாரும் அதில் ஏறமாட்டார். தரைமட்டத்திலேயே கடக்கும்படி சாலையைச் சற்று உயர்த்தி அடியில் சுரங்கப்பாதை வைப்பது நல்லது. அது முடியாத இடத்தில் லிஃப்ட், அதோடு அந்த லிஃப்டைப் பராமரிக்கப் பொறுப்பு யாருக்கு என்பதும் எழுத்தில் வேண்டும்.

நான்காவது, பஸ் நிற்கும் இடம். ஒரு பேருந்து சாலையில் மூன்று நான்கு கார்களின் இடத்தைப் பிடிக்கும். ஆனால் ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும். அந்த ஐம்பது பேரும் டூவீலரில் வந்தால் இந்தச் சாலை தாங்காது. ஆகவே மேம்பாலம் வந்தபின் டவுன் பஸ் மேலே போகுமா, கீழே போகுமா, எங்கே நிற்கும் என்பது பக்கப் பிரச்சினை அல்ல. வெளியூர் பஸ்கள் மேலே போய்விட்டால், முன்பு உத்தங்குடியில் இறங்கியவர் மாட்டுத்தாவணி வரை போய்த் திரும்ப வேண்டும். சர்வீஸ் ரோட்டில் பஸ் ஒதுங்கி நிற்க இடம், பக்கத்திலேயே ஷேர் ஆட்டோ நிற்க இடம், இரண்டையும் வரைபடத்திலேயே குறிக்கச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, தண்ணீர். நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: ஊமச்சிகுளம், செட்டிகுளம், இலந்தைக்குளம், உலகனேரி, கண்ணனேந்தல். ஏந்தல் என்றாலே நீர்நிலைதான். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்படி முன்னோர் அமைத்த சமவெளி இது. இதன் குறுக்கே இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சாலைக் கரை போட்டால், அது சாலையாக மட்டும் இருக்காது, அணையாகவும் ஆகும். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி கால்வாயும் செல்லூர்ப் பகுதியும் பட்ட பாட்டைப் பார்த்தோம். இருக்கிற சிறுபாலங்களை அதே அகலத்தில் நீட்டினால் போதாது. ஒவ்வொரு வரத்துக்கால்வாயும் எங்கே சாலையைக் கடக்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் குறித்துக் கொடுக்க வேண்டும். மனை போட்டு மூடிய கால்வாய் அளவையாளர் கண்ணுக்குத் தெரியாது. இங்கே விவசாயம் பார்த்தவருக்குத் தெரியும்.

இடம் கொடுப்பது யார்?

இந்தப் பேச்சு பலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் கேட்ட சர்வீஸ் ரோடு வானத்தில் வராது. இரு பக்கமும் நிலம் வேண்டும். அந்த நிலம் நம் உறுப்பினர் சிலரின் காம்பவுண்டுச் சுவர், சிலரின் கடை முகப்பு, சிலரின் முழு வீடாகவும் இருக்கலாம். உள் தெருவில் இருப்பவர் கைதட்டித் தீர்மானம் போட, சாலை ஓரத்தில் இருப்பவர் வீட்டை இழக்கிறார் என்றால் அது சங்கம் செய்யும் வேலை ஆகாது.

ஆகவே மனுவில் அவர்களுக்கான வரியும் இருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தால், 2015 ஜனவரி முதல், 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சொன்னபடி இழப்பீடு தர வேண்டும். சந்தை மதிப்புக்கு மேல் அதே அளவுக்கு ஆறுதல் தொகையும் உண்டு. ஆனால் சந்தை மதிப்பைப் பார்ப்பது பதிவான பத்திரங்களையும் வழிகாட்டி மதிப்பையும் வைத்து. முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டியிருந்தால் அது இழப்பீட்டில் தெரியும். பட்டா பெயர் மாற்றம் ஆகாமல் அப்பா, தாத்தா பெயரில் கிடந்தால் பணம் வருவதே இழுபறி. சாலை ஓரத்து உறுப்பினர்கள் இப்போதே பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி மூன்றையும் எடுத்துச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்குக் கடை நடத்துகிறவர்கள் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்திருங்கள்.

எப்போது பேச வேண்டும்?

இந்த உரையில் ஒன்றை மட்டும்தான் நீங்கள் நினைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால், இதை வையுங்கள்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் நிலம் எடுக்கும் அறிவிப்புக்கு 3ஏ என்று பெயர். அதன் சாரத்தை இரண்டு நாளிதழ்களில் போடுவார்கள், ஒன்று தமிழில். அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம். பிறகு 3டி அறிவிப்பு வந்தால் நிலம் அரசுக்குப் போய்விடும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த 21 நாளில் ஆட்சேபம் சொல்லும் உரிமை அந்த நிலத்தில் உரிமை உள்ளவருக்குத்தான். நடந்து கடக்கிறவருக்கு, பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு, உள் தெருவில் குடியிருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது. அதோடு அந்தக் கட்டத்தில் வரைபடம் முடிந்திருக்கும். என் நிலத்தை எடுக்காதே என்று சொல்லலாம். சுரங்கப்பாதையை ஐம்பது மீட்டர் தள்ளி வை என்று சொல்லக் காலம் கடந்திருக்கும்.

எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவு இரண்டு. ஒன்று, நகரின் முழுமைத் திட்டம். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு முழுமைத் திட்டத்தை வெளியிட்டுக் கருத்துக் கேட்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். நிலம் இருக்க வேண்டியதில்லை. எந்தச் சாலை எவ்வளவு அகலம், எது குடியிருப்பு, எது வணிகம் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகிறது. இரண்டாவது, விரிவான திட்ட அறிக்கை தயாராகும் காலம். அப்போது ஆலோசனை நிறுவனத்தார் வந்து சாலையோரம் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவார்கள். வழக்கமாக ஏழு நாள், இரவும் பகலும். லாரியை நிறுத்தி எங்கிருந்து எங்கே என்று கேட்பார்கள். சந்திப்பில் எத்தனை வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறிப்பார்கள். அவர்கள் வேலையை அவர்கள் ஒழுங்காகத்தான் செய்வார்கள். ஆனால் ஒன்றை அவர்களால் எண்ண முடியாது. கடக்கப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்ட பாட்டியை யாரும் எண்ண முடியாது. சாலை பயமாக இருக்கிறது என்று சைக்கிளை விட்டுவிட்டு வேனுக்கு மாதம் பணம் கட்டும் வீட்டையும் எண்ண முடியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

நாம் செய்யும் கணக்கெடுப்பு

ஆகவே நான் கேட்பது பெரிய போராட்டம் அல்ல. மூன்று நாள் வேலை. ஒரு வேலை நாள், ஒரு முகூர்த்த நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்த நாளில் பூ மார்க்கெட்டும் மண்டபங்களும் இந்தச் சாலையை என்ன செய்கின்றன என்பது நமக்குத் தெரியும், வெளியூர் அளவையாளருக்குத் தெரியாது. காலை ஏழு முதல் பத்து, மாலை நான்கு முதல் எட்டு. சந்திப்புக்கு நான்கு பேர். ஒருவர் நடந்து கடப்பவரை எண்ண வேண்டும், அதில் பிள்ளைகள், முதியவர் தனியாக. ஒருவர் ராங் சைடில் வருகிற வண்டிகளை எண்ண வேண்டும். யாரையும் பிடித்துக் கொடுக்க அல்ல, எங்கே வழி இல்லை என்பதைக் காட்ட. ஒருவர் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் எங்கே நிற்கின்றன, எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று. நான்காமவர் வரைபடத்தில் குறிக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் முன்வந்தால் கைபேசியிலேயே செய்துவிடலாம்.

இன்னொரு வேலை பெரியவர்களுக்கு. வரத்துக்கால்வாய், மடை, மறுகால் எங்கெங்கே போயின என்பதை ஊர் வரைபடத்தில் சிவப்பு மையில் குறித்துக் கொடுங்கள். வருவாய்த் துறையின் புலப்படத்தோடு அதை ஒப்பிட்டு இணைப்போம்.

சித்திரை மாதத்தையும் எழுத மறக்க வேண்டாம். மூன்றுமாவடியில் எதிர்சேவை நடக்கும் நாளில் அழகர்கோவில் சாலை முழுக்க நடந்து வரும் ஜனங்களுக்கே சொந்தம். அன்று நம் பக்கச் சாலைகள்தான் அந்தப் போக்குவரத்தைச் சுமக்கின்றன. வடமதுரையில் சாலை திட்டமிடும் எவரும் அந்த நாளையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கடைசியாகத் தீர்மானத்துக்கு வருகிறேன். ஐந்தாவது தீர்மானத்தை இப்படித் திருத்த முன்மொழிகிறேன்: "மாட்டுத்தாவணி முதல் ஒத்தக்கடை வரையிலான சாலையை ஒரே திட்டமாக எடுத்து, உத்தங்குடி சந்திப்பில் தூண் மேல் அமைந்த மேம்பாலம், இரு பக்கமும் தொடர்ச்சியான சர்வீஸ் ரோடு, தரைமட்டத்தில் கடக்கும் வழிகள், பேருந்து ஒதுங்குமிடங்கள், வரத்துக்கால்வாய்களுக்குப் போதிய சிறுபாலங்கள் ஆகியவற்றோடு அமைக்கவும், திட்ட அறிக்கை முடிவாகும் முன் குடியிருப்போரின் கருத்தைக் கேட்கவும், நிலம் இழப்போருக்கு உரிய இழப்பீட்டைத் தாமதமின்றி வழங்கவும் அரசைக் கேட்டுக்கொள்வது."

வரி நீளமாகிவிட்டது. ஆனால் இதில் எந்தப் பகுதியை வெட்டினாலும் அது நம்மில் யாரோ ஒருவரின் வழி. சாலை ஓரத்து உறுப்பினர்களின் சம்மதம் இல்லாமல் இதை நிறைவேற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் தனியாகக் கூடிப் பேசி, திருத்தம் இருந்தால் சொல்லட்டும். அடுத்த செயற்குழுவில் முடிவெடுக்கலாம்.

இதழில் படிக்கிறவர்கள் கணக்கெடுப்புக்கு வர விரும்பினால் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.